“ரீச்சர், உங்கட கால் எங்க?”: பிள்ளைகளின் கேள்விக்குக் கதைப்புத்தகங்களோடு பதில் சொல்வது

இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு தை மாதம். என் மகன் அப்போது தரம் 3 இல் படித்துக்கொண்டிருந்தான். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெற்றோரை அழைக்கும் கடிதத்தை என்னிடம் தராமல் புத்தகப் பைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தான். தற்செயலாகக் கண்டெடுத்துக் கேட்டேன்.

“அம்மா, நீங்க வர வேண்டாம். அப்பா மட்டும் வரட்டும்.”

“ஏன் அப்பன்?”

“எங்கட வகுப்பில ஒருத்தன் நீங்க நடக்கிற மாதிரி நடந்து காட்டுறவன். எல்லாரும் சிரிக்கிறவங்கள்.”

2009 ஆம் ஆண்டு எறிகணை வீச்சில் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். இன்று ஜெய்ப்பூர் காலுடன் நடக்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில், மகன் படிக்கும் பாடசாலை அல்லாத இன்னொன்றில், ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருக்கிறேன். அன்றிரவு அந்தப் பிள்ளை மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விடியும்போது அந்தக் கோபம் என் மீதே திரும்பியிருந்தது. அந்தப் பையனுக்குச் செயற்கைக் கால் என்றால் என்ன என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்காவது நான் சொல்லிக்கொடுத்தேனா? அதுவும் இல்லை. நிலம் தொடும் சேலைக்குள் காலை மறைத்துக்கொண்டு பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

மௌனம் சொல்லிக்கொடுக்கும் பாடம்

எங்கள் ஊர்களில் போரின் தழும்பு இல்லாத வீடுகள் குறைவு. ஒரு வீட்டில் கை இல்லாத மாமா. இன்னொரு வீட்டில் முதுகுக்குள் எறிகணைச் சிதறலுடன் வாழும் அம்மம்மா. பட்டாசு வெடித்தால் நிலத்தில் குந்திவிடும் அப்பா. போருக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகள் இவற்றைப் பார்த்தபடிதான் வளர்கிறார்கள். ஆனால் அவர்கள் வாய் திறந்து கேட்டால், “சத்தம் போடாத, அப்படிக் கேக்கக்கூடாது” என்று அடக்கிவிடுகிறோம். கேட்கக்கூடாதது என்றால் அது வெட்கத்துக்குரியது, அல்லது பயப்பட வேண்டியது என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்கிறது. மிச்சத்தை அதன் கற்பனையே நிரப்பிக்கொள்கிறது.

கால் இல்லாத மனிதரின் படத்தை நான் முதன்முதலில் கண்டது மிதிவெடி அபாய விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒன்றில். அந்தச் சுவரொட்டிகள் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். ஆனாலும் அதில் இருந்த மனிதர் ஓர் எச்சரிக்கை மட்டுமே. அவர் காலையில் எப்படி எழும்புகிறார், எப்படிச் சைக்கிள் ஓடுகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்று சொல்லும் படம் ஒன்றை என் சிறுவயதில் நான் காணவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கதைப்புத்தகம் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சிறுவயது முதலே எல்லாப் பிள்ளைகளிடமும் இவ்வுரிமைகள் பற்றிய மதிப்பை வளர்க்க வேண்டும் என்று அதன் 8 ஆவது உறுப்புரை கூறுகிறது. கையெழுத்துக் கொழும்பில் வைக்கப்படலாம். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது வீட்டிலும் வகுப்பறையிலும்தான்.

ஏன் புத்தகம்?

என் காலைப் பற்றிப் பிள்ளைகள் என்னிடமே கேட்கத் தயங்குவார்கள். எனக்கும் எல்லா நாளும் பதில் சொல்லும் மனநிலை இருக்காது. கதையில் வரும் ஒருவரைப் பற்றி என்றால் அந்தத் தயக்கம் இல்லை. எத்தனை கேள்வி கேட்டாலும் அவருக்கு நோகாது. பிடிக்காத இடத்தில் புத்தகத்தை மூடலாம், நாளைக்குத் திரும்பத் திறக்கலாம்.

சிறுவர் இலக்கிய ஆய்வாளரான அமெரிக்கப் பேராசிரியை ருடீன் சிம்ஸ் பிஷப் 1990 இல் எழுதிய கட்டுரை ஒன்றில், புத்தகம் பிள்ளைக்குக் கண்ணாடியாகவும் யன்னலாகவும் இருக்கலாம் என்றார். தன்னைப் போன்ற ஒருவரைக் கதையில் காணும்போது அது கண்ணாடி. தன்னைப் போல் இல்லாதவரின் வாழ்வைக் காணும்போது யன்னல். என் மகனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. அவனுடைய வகுப்புத் தோழனுக்கு யன்னல் தேவைப்பட்டது. இருவருக்கும் ஒரே புத்தகம் போதுமாக இருந்தது.

வாலைப் பற்றி ஒரு கேள்வி

அந்தப் புத்தகம் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. யப்பானிய நடிகையும் தொலைக்காட்சி அறிவிப்பாளருமான டெட்சுகோ குரோயானாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981 இல் வெளியிட்டது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்பு எங்கள் ஆசிரியர்கள் பலருக்குத் தெரிந்த நூல்தான். இரண்டாம் உலகப் போர்க்கால டோக்கியோவில் கொபயாஷி என்ற தலைமை ஆசிரியர் நடத்திய டொமோயே என்ற சிறிய பாடசாலையின் கதை அது.

அங்கே யசுவாக்கி என்ற மாணவன் இருக்கிறான். போலியோவால் கை கால் பாதிக்கப்பட்டவன். அவனும் தன் மரத்தில் ஏற வேண்டும் என்று டோட்டோ ஏணி இழுத்து வந்து படாதபாடு படுகிறாள். வளர்ச்சி நின்றுபோன, கை கால் குட்டையான தக்கஹாஷி என்ற இன்னொரு மாணவனும் இருக்கிறான். பாடம் ஒன்றில் வகுப்பாசிரியை விளையாட்டாக அவனிடம் வால் பற்றிக் கேட்டுவிடுகிறார். அதற்காகத் தலைமை ஆசிரியர் அவரைக் கடிந்துகொள்கிறார், ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் அல்ல. என் மாணவர்கள் இந்த இடத்தில்தான் கனநேரம் நின்றார்கள். “ரீச்சர்மாரும் பிழை விடுவினமோ?” என்று ஒரு பிள்ளை கேட்டது. விடுவோம் என்றேன்.

அடுத்தது விளையாட்டுப் போட்டி. அங்கு வைத்த போட்டிகளில் எல்லாம் தக்கஹாஷியே முதலிடம் பெறுகிறான். துணியால் செய்த மீனுக்குள் புகுந்து வெளியே வரும் ஓட்டத்திலும், ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏற வேண்டிய படிக்கட்டு ஓட்டத்திலும் சிறிய உடல்தான் வசதி. பரிசாகக் கிடைப்பது மரக்கறி. அவனுக்கு யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, பரிதாபப்பட்டுப் பரிசும் தரவில்லை. விளையாட்டின் அமைப்புத்தான் வேறு. இயலாமை உடலில் மட்டும் இல்லை, நாங்கள் போடும் படியிலும் வாசலிலும் போட்டி விதியிலும் இருக்கிறது என்ற பெரிய விடயத்தை, எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட எளிமையாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

அந்தப் பாடசாலை 1945 இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோனது. இதை வாசித்தபோது எங்கள் பிள்ளைகளுக்கு அது தூரத்து நாட்டுக் கதையாக இருக்கவில்லை.

எந்தக் கதையைத் தவிர்ப்பது?

மாற்றுத்திறனாளி ஒருவர் வருகிறார் என்பதற்காக மட்டும் ஒரு கதை நல்ல கதை ஆகிவிடாது. நான் நான்கு விடயங்களைப் பார்ப்பேன். உடல் குறை தீய குணத்தின் அடையாளமாக வருகிறதா? கூனி என்றால் சூழ்ச்சிக்காரி என்பது போல. அவர் மற்றவர்கள் இரக்கம் காட்டுவதற்காக மட்டுமே கதையில் இருக்கிறாரா? கடைசிப் பக்கத்தில் அதிசயமாகக் குணமடைந்து விடுகிறாரா? அல்லது மலை ஏறிப் பதக்கம் வென்ற பிறகுதான் அவருக்கு மதிப்புக் கிடைக்கிறதா? நாலாவதை நாங்கள் கவனிப்பதில்லை. சாதித்தால்தான் மதிப்பு என்றால், சாதிக்காமல் சந்தையில் மரக்கறி விற்கும் ஒற்றைக்கைக்காரருக்கு மதிப்பு இல்லையா?

வகுப்பறையில் எல்லோரும் சொல்லும் யானையும் பார்வையற்றவர்களும் கதையையே எடுங்கள். பார்வையற்றவர் என்றால் அவசரக்காரர், அறிவில்லாதவர் என்ற எண்ணம் அதிலே ஒளிந்திருக்கிறது. நான் அந்தக் கதையை நிறுத்தவில்லை. கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பேன்: “கண் தெரியாத ஒரு ஆள் உண்மையில யானைக்குக் கிட்டப் போனால் என்ன செய்வார்?” பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள், சுற்றிச்சுற்றி முழுவதும் தடவிப் பார்ப்பார் என்று. “முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டது போல” என்ற பழமொழியையும் இப்படியே. ஆசைப்பட்டால் என்ன பிழை, ஏணி யார் கொடுப்பது என்று கேட்டால் பேச்சு டோட்டோவின் மரத்துக்கே வந்துவிடும்.

சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட ‘கண்ணா பண்ணா’ என்ற படக்கதை நல்ல உதாரணம். குகைக் கோயில் ஒன்றில் மின்வெளிச்சம் நின்றுபோகும்போது, கண் தெரியாத சிறுவன் மற்றவர்களை வெளியே கூட்டிவருகிறான். இருட்டில் நடப்பது அவனுக்கு அன்றாடம் என்பதால் அது அவனுக்குப் பெரிய சாகசம் இல்லை.

எப்படி வாசிப்பது?

முதலில் நீங்கள் தனியாக முழுவதும் வாசியுங்கள். குண்டுச் சத்தம், இரத்தம், மரணம் வரும் பக்கங்களை முன்னரே தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையை விட உங்களையே அவை தாக்கக்கூடும். அப்படியானால் வேறு கதையை எடுப்பதில் தவறில்லை.

வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். முன்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வசனம் போதும்: “அவருக்குக் கால் இல்லை, அதனால் இந்தக் காலைப் போட்டு நடக்கிறார்.” ஏழு, எட்டு வயதில் எப்படி, எதனால் என்று கேட்பார்கள். கழற்ற நோகுமா, படுக்கும்போது என்ன செய்வது என்றெல்லாம் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பத்து வயதுக்கு மேல், இது நியாயமா என்று கேட்கத் தொடங்குவார்கள்.

வகுப்பில் இருக்கும் பிள்ளையைச் சுட்டி, “இவரைப் போல” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை தானாகக் கதைக்க விரும்பினால் கதைக்கட்டும். சொற்களிலும் கவனம் வேண்டும். நொண்டி, செவிடு, விசர் என்று பிள்ளை சொன்னால் அடிக்க வேண்டாம். “அப்படிச் சொன்னால் அவருக்கு நோகும். அவருக்குப் பெயர் இருக்கு, பெயரைச் சொல்லு” என்றால் போதும்.

நோயைப் பற்றிக் கதைக்கும்போது

நோய் என்றதும் பிள்ளையின் மனதில் எழும் கேள்விகள் மூன்று: எனக்கும் தொற்றுமா? நான் செய்த பிழையால் வந்ததா? அவர் செத்துப்போவாரா? மூன்றுக்கும் நேர்மையான பதில் வேண்டும்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் வலிப்பு உள்ள ஒரு பிள்ளை இருந்தது. வீட்டார் அதை மறைத்து வைத்திருந்தார்கள். முதல் தடவை வலிப்பு வந்தபோது மற்றப் பிள்ளைகள் அலறி ஓடினார்கள். பெரியவர் ஒருவர் இரும்புச் சாவி தேடினார். பின்னர் பெற்றோரின் சம்மதத்துடன், வலிப்பு வரும் முயல்குட்டி ஒன்றின் கதையை நானே எழுதி வாசித்தேன். வலிப்புத் தொற்றாது, பேயும் இல்லை, பாவமும் இல்லை, மூளையின் மின்தூண்டல்கள் கொஞ்ச நேரம் குழம்புவதால் வருவது. சுற்றியுள்ள கூரான பொருட்களை அகற்ற வேண்டும், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும், வாய்க்குள் எதையும் வைக்கக்கூடாது, இறுக்கிப் பிடிக்கக்கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுக்க வேண்டும். இவ்வளவும் கதைக்குள்ளேயே வந்தது. அடுத்த முறை வலிப்பு வந்தபோது ஒருவரும் ஓடவில்லை. ஒரு சிறுமி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புத்தகம் கிடைக்காவிட்டால்

எங்கள் கிராமங்களுக்குப் புத்தகம் வந்துசேர்வது இலகுவல்ல. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ச் சிறுவர் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தரவிறக்கி அச்சிடவும் அனுமதி உண்டு.

இதைவிடச் சிறந்தது நாங்களே செய்யும் புத்தகம். ஒரு சீ.ஆர். கொப்பி, பசை, வர்ணப் பென்சில் போதும். பிள்ளைகள் ஊரில் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய ஒரு நாளை வரைவார்கள். கிணற்றில் எப்படித் தண்ணீர் அள்ளுகிறார், பஸ்ஸில் எப்படி ஏறுகிறார், எந்த இடத்தில் கஷ்டம், எதில் கெட்டிக்காரர். பார்வை குறைந்த பிள்ளைக்காக நூல், மணல், அரிசி ஒட்டித் தடவிப் பார்க்கும் பக்கங்களும் செய்தோம்.

முதலாவது கொப்பி என்னைப் பற்றியது. அதற்காகத்தான் முதன்முறையாகப் பிள்ளைகள் முன்னால் காலைக் கழற்றிக் காட்டினேன். “இது ஆர் செய்தது?” என்று ஒருவன் கேட்டான். செயற்கைக் காலைச் செய்தவரைத்தான் கேட்கிறான் என்று நினைத்துச் சொன்னேன். “இல்ல ரீச்சர், காலை இல்லாமல் ஆக்கினது ஆர்?” என்றான். போர் நடந்தது, எறிகணை விழுந்தது, நீங்கள் வளர வளர இன்னும் சொல்கிறேன் என்றேன். பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லி முடிக்கவும் வேண்டியதில்லை.

என் மகனும் அவனுடைய வகுப்புத் தோழர்கள் சிலரும் இந்தச் சனிக்கிழமை வட்டத்துக்கு வந்தார்கள். என்னைப் போல் நடந்து காட்டிய பையனும் வந்தான். தக்கஹாஷியின் விளையாட்டுப் போட்டியை வாசித்த பிறகு, பெற்றோருக்கு ஒரு போட்டி வைக்க வேண்டும் என்று யோசனை சொன்னதே அவன்தான். எல்லோரும் கதிரையில் இருந்தபடி பந்தை வாளிக்குள் எறிய வேண்டும். சனசமூக நிலைய முற்றத்தில் வைத்தோம். பரிசு கத்தரிக்காயும் பூசணிக்காயும்.

நான் மூன்றாமிடம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகன் கத்தரிக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

“அம்மா, கடைசிப் பந்தைக் கொஞ்சம் பார்த்து எறிஞ்சிருக்கலாம். பூசணிக்காய் எங்களுக்குத்தான்.”