காட்டில் தொலைந்த நாய் தானாக வீடு திரும்புமா?

வீக் எண்டில் ஜவ்வாது மலை, பீமன் அருவி, கூடவே வீட்டு நாய். பிளான் சூப்பர்தான். ஆனால் காட்டுக்குள் அது பிரிந்துபோனால்? 'மோப்பம் பிடிச்சு வந்துடும்' என்று நம்பலாமா?

வந்த கதை உண்டு

கர்நாடகாவின் பெலகாவி மாவட்டம், யமகர்ணி கிராமத்து நாய் 'மகாராஜ்'. 2024-ல் உரிமையாளரின் பாதயாத்திரையில் பண்டரிபுரம் வரை கூடவே நடந்துபோய், அங்கே தொலைந்தது. பிறகு சுமார் 250 கி.மீ. கடந்து, தனியாகவே வீட்டு வாசலில் வந்து நின்றது. ஊரே மாலை போட்டு விருந்து வைத்தது.

எப்படி சாத்தியம்?

மோப்பம் மட்டுமல்ல. செக் குடியரசு ஆய்வாளர்கள் 27 வேட்டை நாய்களுக்கு ஜிபிஎஸ் மாட்டிக் காட்டில் விட்டனர். 2020-ல் வெளியான முடிவு: புதுப் பாதையில் திரும்பிய நாய்களில் பல, முதலில் வடக்கு-தெற்காக சுமார் 20 மீட்டர் ஓடின. பூமியின் காந்தப்புலத்தை வைத்து அவை திசையைச் சரிபார்க்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அப்போ கவலை இல்லையா?

இருக்கு. மகாராஜ் போனதும் நடந்தே. செக் நாய்களும் தாங்களே ஓடிய தூரத்தைத்தான் திரும்பின. கொண்டை ஊசி வளைவுகளில் காருக்குள் தூங்கிக்கொண்டே வந்த நாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை.

என்ன செய்யணும்?

* காட்டுப் பகுதியில் கயிற்றைக் கழற்றாதீர்கள்.
* கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதுங்கள்.
* மைக்ரோசிப் போடுங்கள். அது இருக்கும் இடத்தைக் காட்டாது. ஸ்கேன் செய்தால் வரும் 15 இலக்க எண்ணை வைத்து உங்களைக் கண்டுபிடிக்கலாம்.
* தொலைந்துவிட்டால், கடைசியாகப் பார்த்த இடத்தில் நீங்கள் உடுத்திய சட்டையைப் போட்டு வையுங்கள். வாசனை தேடி நாய் அங்கேயே திரும்பலாம். மலை கிராமத்தினரிடமும் வனத்துறையிடமும் உடனே சொல்லுங்கள்.