குழாய்த் தண்ணீரில் புளோரைட்: பயப்பட வேண்டுமா?

"இங்க தண்ணிக்குள்ள ஏதோ மருந்து கலக்கிறாங்களாம், பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. சிலர் கிழமைக்குக் கிழமை கிடைக்கும் சொற்பக் காசில் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள். அது தேவையில்லை. காரணத்தைக் கீழே பாருங்கள்.

புளோரைட் என்றால் என்ன?

மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே உள்ள ஒரு கனிமம் இது. நாம் இனிப்புச் சாப்பிடும்போது வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் வெளிப்பகுதியை அரிப்பதால்தான் சூத்தை விழுகிறது. புளோரைட் பல்லின் வெளிப்பகுதியைப் பலப்படுத்துகிறது.

ஊரில் பல்லில் கறை பிடித்ததே?

உண்மைதான். அனுராதபுரம் போன்ற உலர் வலயப் பகுதிகளிலும் வவுனியாவின் சில இடங்களிலும் கிணற்று நீரில் புளோரைட் இயற்கையாகவே அதிகம். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இதே பிரச்சினை. அளவு மிஞ்சினால் பிள்ளைகளின் பற்களில் மண்ணிறக் கறை விழும். அளவு மிக அதிகமாகிப் பல வருடம் குடித்தால் எலும்பும் பாதிக்கப்படும்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. தண்ணீரில் இயற்கையாக உள்ள அளவு குறைவான சில இடங்களில், ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராம் வரும்படி கூட்டுகிறார்கள். சட்டப்படி 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்த அளவில் சில பிள்ளைகளின் பல்லில் மெல்லிய வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம்.

எல்லா ஊரிலும் கலக்கிறார்களா?

இல்லை. பேர்மிங்காமில் 1964இல் தொடங்கினார்கள். இன்று இங்கிலாந்தில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இப்படியான தண்ணீர் கிடைக்கிறது. பெரும்பாலும் மேற்கு மிட்லண்ட்ஸ், வடகிழக்குப் பகுதிகளில். லண்டனில் கலப்பதில்லை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்திலும் இல்லை. ஹோம் ஒஃபிஸ் உங்களை வேறு ஊருக்கு மாற்றினால் தண்ணீரும் மாறலாம். உங்கள் போஸ்ட்கோட்டைச் சொல்லித் தண்ணீர்க் கம்பனியிடம் கேட்டால் விபரம் தருவார்கள்.

இதை எதிர்ப்பவர்களும் உண்டு. பற்பசையில் புளோரைட் பரவலாக வந்த பிறகு, தண்ணீரில் கலப்பதால் வரும் நன்மை முன்னரை விடக் குறைந்துவிட்டதாக 2024இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்புக் கூறுகிறது. ஆகவே எந்த ஊரில் இருந்தாலும் தண்ணீரை மட்டும் நம்பி இராமல் பல் துலக்குவதைக் கவனியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். குழந்தைக்கு மாப்பால் கரைக்கவும் போத்தல் தண்ணீர் வேண்டாம். சிலவற்றில் உப்பு அதிகமாக இருக்கலாம். குழாய்த் தண்ணீரைப் புதிதாகக் கொதிக்க வைத்துப் பாவியுங்கள்.
* பற்பசைப் பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 1350 முதல் 1500 பி.பி.எம்., சிறு பிள்ளைகளுக்கு ஆகக் குறைந்தது 1000. மலிவான பற்பசை என்றாலும் இந்த எண் இருந்தால் போதும்.
* 3 வயதுக்குக் கீழ் மெல்லிய பூச்சு, 3 முதல் 6 வயதுவரை ஒரு பட்டாணி அளவு. பற்பசையை விழுங்க விடாதீர்கள்.
* இரவு படுக்க முன்னும் இன்னொரு தடவையும் துலக்குங்கள். துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம்.
* சீனி போட்ட பாலையோ ஜூஸையோ போத்தலில் கொடுத்துப் பிள்ளையைத் தூங்க வைக்காதீர்கள்.

பல் வைத்தியரிடம் போகக் காசு வேண்டுமா?

18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு என்.எச்.எஸ். பல் வைத்தியம் இலவசம். 3 வயதிலிருந்து வருடத்தில் இரண்டு தடவை புளோரைட் பூச்சும் பூசுவார்கள். பெரியவர்களுக்கு எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் இலவசம். ஹோம் ஒஃபிஸ் உதவிப்பணம் பெறுபவர்களுக்கு இது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், அல்லது அதிலுள்ள திகதி முடிந்துவிட்டால், எங்களிடம் வாருங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவுவோம். பல் வைத்தியரிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்கும் நீங்கள் காசு கட்டத் தேவையில்லை.

பல்வலியைப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அவசரமென்றால் 111க்கு அழையுங்கள்.