பாதி வழியில் நிற்கும் பழைய டிராக்டர்

செம்பனைக் குலைகளையும் உர மூட்டைகளையும் இழுத்துச் சென்ற பழைய டிராக்டர்களைத் தேடியெடுத்துப் புதுப்பிப்போர் இன்று நம்மிடையே உள்ளனர். 1964ஆம் ஆண்டு வெளிவந்த மாஸி பெர்குசன் 135 அத்தகையது. அதன் பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரம் மூன்று சிலிண்டர்களும் ஏறத்தாழ 2.5 லிட்டர் கொள்ளளவும் உடையது. மின்னணுக் கருவி எதுவும் அதில் இல்லை. ஆகவே, பொறுமையுடையவர் எவரும் அதன் கோளாற்றைக் கண்டறியலாம்.

ஆயினும், புது வண்ணம் பூசிய டிராக்டர் சில நாட்களில் நின்றுவிட்டால், உடனே இயந்திரத்தைப் பிரித்துப் போட நம் கை துடிக்கிறது. அது தவறு. பணமும் காலமும் வீணாவதோடு, நல்ல நிலையிலிருந்த பாகங்களும் கெடுகின்றன. செலவில்லாத சோதனையை முதலிலும் செலவு மிக்கதை இறுதியிலும் செய்வதே முறையாகும்.

டீசல் இயந்திரத்துக்குத் தீப்பொறி தேவையில்லை. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே டீசல் எரிகிறது. எனவே, அது வேண்டுவன மூன்று: போதிய அழுத்தம் பெற்ற காற்று, காற்றுக் குமிழி கலவாத தூய டீசல், டீசல் தெளிக்கப்படும் சரியான நேரம். இம்மூன்றையும் மனத்தில் கொண்டு சோதனையைத் தொடங்குவோம்.

முதலில், ஸ்டார்ட்டர் இயந்திரத்தை விரைவாகச் சுழற்றுகிறதா எனப் பார்க்க வேண்டும். மெதுவாகச் சுழன்றால் காற்று போதிய வெப்பம் அடையாது. பேட்டரியிலிருந்து டிராக்டரின் உடலோடு சேரும் கம்பியின் அடியில் புது வண்ணம் படிந்திருந்தால் மின்சாரம் தடைப்படும். அவ்விடத்தை இரும்பு தெரியுமாறு சுரண்டி, கம்பியை இறுக்குக.

அடுத்து, சுழலும்போது புகைக்குழாயைக் கவனிப்போம். புகையே இல்லையெனில் டீசல் சிலிண்டரை அடையவில்லை என்று கொள்ளலாம். வெண்புகை வந்தும் இயந்திரம் பற்றவில்லையெனில், டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது சுழற்சி வேகம், அழுத்தம், தெளிக்கும் நேரம் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

கால் மணி நேரம் நன்றாக ஓடி நின்று, சிறிது நேரம் கழித்து மீண்டும் ஓடும் டிராக்டரும் உண்டு. அதற்குத் தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருப்பது ஒரு காரணம். டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, டீசல் வருவது தடைப்படுகிறது. மூடியைத் தளர்த்தி ஓட்டினால் உண்மை விளங்கும். மூடியில் குறையில்லையெனில், தொட்டியின் துரு வடிகட்டியை அடைத்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

வடிகட்டியை மாற்றிய பின் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவது இன்றியமையாதது. வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, டீசல் ஏற்றும் பம்பின் கைநெம்பை அசைக்க வேண்டும். குமிழியின்றி டீசல் வந்ததும் திருகை இறுக்குக. பின்னர் டீசலை அழுத்தி அனுப்பும் பம்பின் திருகுகளிலும் அவ்வாறே செய்க. நெம்பு அசைந்தும் டீசல் ஏறவில்லையெனில், இயந்திரத்தைச் சிறிது சுழற்றி மீண்டும் முயல்க.

நம் செம்பனையோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு முதல் போக்குவரத்துக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து பெறும் எரிபொருள் கலக்கப்பட்டது. இக்கலவை பழைய தொட்டியின் படிவுகளைக் கரைத்து வடிகட்டிக்கு அனுப்பக்கூடும். பழைய ரப்பர்க் குழாய்களையும் மென்மையாக்கிக் கெடுக்கக்கூடும். ஆகவே, புதுப்பிக்கும்போதே அக்குழாய்களை மாற்றிவிடுதல் நன்று.

ஓடும் இயந்திரத்தின் புகையும் நமக்குச் செய்தி சொல்லும். கரும்புகை, காற்றின் குறைவையோ டீசலின் மிகுதியையோ காட்டும். காற்று வடிகட்டியை முதலில் சுத்தம் செய்க. நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை நீங்காமல், ரேடியேட்டர் நீரும் குறைந்து வந்தால், சிலிண்டர் தலையின் கேஸ்கட்டை ஐயுறலாம். அப்போதுதான் இயந்திரத்தைத் திறக்கும் வேளை வருகிறது.

இவை அனைத்தினும் மேலானது உயிர்ப் பாதுகாப்பு. டீசல் தெளிக்கும் முனையின் அருகே ஒருபோதும் விரலை வைக்கக் கூடாது. அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கியர் நடுநிலையில் இல்லாதபோது தரையில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டரை இயக்கினால் டிராக்டர் நம் மீதே ஏறிவிடும். மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓட விடுதலும் ஆகாது.

பழைய இயந்திரம் நம் பெற்றோரின் உழைப்பை நினைவூட்டும் சின்னம். அதைக் காக்க விரும்பும் நாம், ஸ்பேனரை எடுக்கும் முன் கண்ணையும் காதையும் பயன்படுத்துவோமாக.