உருண்டை எழுத்தும் மெய்ப்புள்ளியும்

கோட்டின் தடிப்பு எங்கும் ஒரே அளவாய், வளைவுகள் வட்டத்தை ஒட்டியனவாய் அமைந்த அச்செழுத்தை இன்று பெயர்ப்பலகைகளிலும் கைப்பேசித் திரையிலும் மிகுதியாகக் காண்கிறோம். ஜெர்மானியரான பால் ரென்னரின் ஃபியூச்சுரா (1927) வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. 1979இல் வோக்ஸ்வேகன் நிறுவனத்துக்கென அமைந்த எழுத்தில் கோட்டின் முனைகளும் உருட்டப்பட்டன.

இவ்வமைப்பு தமிழுக்கு முற்றும் அயலானதன்று. எழுத்தாணி ஓலையில் கீறிய கோடும் ஏறத்தாழ ஒரே தடிப்புடையதே. ஆயின், ஓலையில் எழுதினோர் மெய்யெழுத்துக்குரிய புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். படிப்போர் இடம் நோக்கி உய்த்துணர்ந்தனர். தொல்காப்பியம் கூறிய அப்புள்ளி அச்சுக் காலத்தில்தான் நிலைபெற்றது. அதனை உருண்டை எழுத்தில் மீண்டும் இழந்துவிடலாகாது.

சிங்கப்பூரில், 1989இல் எம்.ஆர்.டி. நிலையம் திறக்கப்பெற்ற பாசிர் ரிஸ் என்னும் ஊர்ப்பெயரையே பாருங்கள். துணைக்கால், ர், ரி ஆகிய மூன்றும் அதில் உள்ளன. ரகரம் புள்ளியோ மேல்விலங்கோ பெறும்போது, அதன் அடிச்சாய்வு நீங்கித் துணைக்காலின் வடிவே எஞ்சுவது பல அச்செழுத்துகளின் மரபு. அவற்றில் ‘ர்’ என்பதைக் காலினின்றும் பிரித்துக் காட்டுவது புள்ளி ஒன்றே. தடித்த கோட்டோடு அப்புள்ளி ஒட்டிவிட்டால் மெய் காலாகிவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவன் திகைப்பான்.

ஆகவே, கோடு தடிக்குந்தோறும் புள்ளிக்கு இடைவெளியும் மிகவேண்டும். வகுப்பறைச் சுவருக்கு எழுத்துருவைத் தெரிவு செய்யும் ஆசிரியர்கள், அதில் ‘பாசிர் ரிஸ்’ என்று எழுதிக் கடைசி வரிசையில் நின்று படித்துப் பார்த்தல் நன்று.