குதிரைமசாலுக்குச் சுண்ணாம்பு ஏன்?
கோவை, காங்கேயம் பக்கம் நிலத்தைத் தோண்டினால் பல இடங்களில் சுண்ணாம்பு நிறைந்த சுக்கான்கல் கிளம்பும். தண்ணீர் இருந்தால் அங்கே குதிரைமசால் என்னும் தீவனப்பயிர் செழிக்கும். அதே விதையை வால்பாறை மலையின் புளித்த, அதாவது அமில மண்ணில் அப்படியே போட்டால் செடி மஞ்சளடித்துக் குன்றிவிடும்.

காரணம் மலையில் கொட்டும் மழை. அது மண்ணின் கால்சியத்தைக் கரைத்துக் கொண்டுபோகிறது. பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால், களியில் பூட்டிக்கிடந்த அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா நலிவதுதான். குதிரைமசாலோடு சேரும் ரைசோபியம் அமிலத்தைத் தாங்கவே தாங்காது.

சுண்ணாம்புத்தூள் அமிலத்தை முறிக்கிறது. அலுமினியம் கரையாத வடிவில் படிந்துவிடும். தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்குத் தேவையான மாலிப்டினமும் மண்ணின் பிடியிலிருந்து விடுபடும். பலனைக் கண்ணாலேயே பார்க்கலாம். செடியைப் பக்குவமாகத் தோண்டி, ரைசோபியம் குடியிருக்கும் வேர்முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

சுண்ணாம்பு மெதுவாகத்தான் கரையும் என்பதால் விதைப்புக்குச் சில வாரம் முன்பே மண்ணோடு கலக்க வேண்டும். மண் பரிசோதனை அதற்கும் முன்னால். மலையில் போடுகிறார்களே என்று சமவெளியில் கொட்டிவிடாதீர்கள். சுண்ணாம்பு மிகுந்த கொங்கு மண்ணில் இரும்பும் துத்தநாகமும் பயிருக்கு ஏற்கெனவே சரிவரக் கிடைப்பதில்லை. மேலும் போட்டால் இளந்தளிர் வெளுக்கும்.