உஷார்! பிள்ளைக்கு அந்தக் காலை டீ வேண்டாம்

காலை ஆறரை மணி. மான்குர்டை விட்ட ஹார்பர் லைன் வண்டி கடற்கழியைத் தாண்டி வாஷியில் நிற்கிறது. சீட்டா கேம்பிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் தமிழ் அம்மாக்கள் இறங்குகிறார்கள். அம்மா, பிள்ளைக்கு என்ன வைத்துவிட்டு வந்தீர்கள்? ஒரு டம்ளர் டீ, ஒரு பாவ். அப்படித்தானே?

உஷார்! வயிறு நிரம்பும், ரத்தம் ஊறாது. போதாக்குறைக்கு, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கும்.

வகுப்பில் தூங்குகிறான், வாய்ப்பாடு மனதில் நிற்கவில்லை என்று புகார் வந்ததும் முதுகில் நாலு வைக்கிறோம். ரத்தத்தைச் சோதித்தோமா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிராவில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 69 பேருக்கு ரத்தசோகை. 35 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. மூளை நரம்புக்கு உறை கட்டவே இரும்பு வேண்டும். கருவில் தொடங்கி இரண்டு வயது வரையான 1000 நாளில் அது குறைந்தால், பிறகு மாத்திரை போட்டாலும் முழுக்க ஈடாகாது. வறுமையாலும் சத்துக்குறைவாலும் உலகில் 20 கோடிக்கும் அதிகமான சின்னப் பிள்ளைகள் தங்கள் திறனை எட்டாமலே போகிறார்கள் என்று 2007-லேயே லான்செட் இதழ் சொல்லிவிட்டது.

இன்னொரு கண்ணி, இங்கிலீஷ் மீடியம் ஆசை. (ஆசையைக் குறை சொல்ல நான் யார்?) அதற்காக மாநகராட்சிப் பள்ளியை விட்டு ஃபீஸ் வாங்கும் தனியார் பள்ளிக்குப் போனால் மதியச் சாப்பாடும் போகும். ஃபீஸ் கட்ட முட்டையும் பாலும் குறையும். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அங்கன்வாடியை விடாதீர்கள். 1975-இல் நாட்டில் முதலில் தொடங்கிய 33 இடங்களில் நம் தாராவியும் ஒன்று. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் பிங்க் மாத்திரையை, மலம் கறுப்பாகப் போகிறதென்று பயந்து வீசாதீர்கள். இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும். சாப்பிட்டதும் போடவேண்டும், டீயோடு வேண்டவே வேண்டாம். 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே போனால் டாக்டரிடம் ஓடுங்கள்.

வாஷி செக்டார்களில் வேலைக்கு ஆள் வைத்திருக்கும் அக்காமார்களே, பழைய யூனிஃபார்ம், பழைய பை எல்லாம் அப்புறம். பிள்ளையை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக அந்த அம்மாவுக்கு அரைநாள் லீவு கொடுங்கள். சம்பளத்தில் பிடிக்காமல்.