கைவிடப்பட்ட மாடி முதியோர் மனையானது

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்" என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுவதன் அருமையை அனுபவத்தில் அறிந்தோர் கூறிய மொழி அது. ஆயினும், கட்டிய வீடு பழுதுற்றால் அதனைத் திருத்துவதா, இடிப்பதா என்னும் வினா எழும்போது, இக்காலத்தார் பெரும்பாலும் இடிப்பதையே நாடுகின்றனர். அண்மையில் என் வகுப்பு மாணவனொருவனும், பழைய மாடிக் கட்டடத்தைத் திருத்த முயல்வதிலும் புதிதாக ஒன்றைக் கட்டிவிடுவது நன்றல்லவா என்று வினவினான். அவனுக்கு விடையாகக் கனடா நாட்டிலுள்ள ஒரு கட்டடத்தின் வரலாற்றைக் கூறினேன். வாசகர்களும் அதனை அறிந்துகொள்வது பயனுடைத்து.

ஒன்ராறியோ ஏரியின் மேற்குக் கோடியில், உருக்குத் தொழிலாற் பெயர்பெற்ற ஹமில்ற்றன் என்னும் துறைமுக நகரம் உள்ளது. நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழும் ரொறன்ரோ மாநகரிலிருந்து அது ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அம்மாகாணத்தில் உயர்ந்த தொடர்மாடிகள் பல எழுந்தன. அவற்றுள் ஒன்று, 1967ஆம் ஆண்டில் ஹமில்ற்றனிற் கட்டப்பட்ட கென் சோபிள் கோபுரம். அதில் 18 மாடிகளும், முதியோர்க்குரிய 146 குடியிருப்புகளும் அமைந்திருந்தன.

அரை நூற்றாண்டு கழிந்தது. சுவர்களிற் பூஞ்சணம் படர்ந்தது. அஸ்பெஸ்டஸ் கலந்த பழம் பொருள்கள் உடல்நலத்துக்கு ஊறு விளைப்பன என்பதும் தெரிந்தது. குடியிருந்தோர் வேறிடஞ் செல்ல, கட்டடம் ஆளரவமற்று நின்றது. விற்றுவிடலாம், இடித்துவிடலாம், அன்றேல் திருத்தலாம். நகரின் பொது வீடமைப்பு நிறுவனம் இறுதி வழியையே தேர்ந்தது.

காரணம் யாது? கட்டடத்தின் தோல் நைந்திருந்ததேயன்றி, அதன் என்புக்கூடாகிய கொங்கிறீற்றுச் சட்டகம் பயன்படும் நிலையிலேயே இருந்தது. உலகில் மனிதரால் வெளிவிடப்படும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய 8 விழுக்காடு சீமெந்து உற்பத்தியிலிருந்தே எழுகின்றது. ஆகவே, நல்ல சட்டகமொன்றை இடிப்பவர், முன்பு எரித்த எரிபொருளை வீணாக்கி, அதே வேலைக்காக மீண்டும் எரிபொருளை எரிப்பவராவர்.

கட்டடத்துக்கு ஒரு கம்பளி

திருத்த வேலைக்கு வழிகாட்டியது ஜெர்மனியிற் பிறந்த 'பாசிவ் ஹவுஸ்' என்னும் முறை. இம்முறையிலமைந்த முதல் வீடு 1991ஆம் ஆண்டில் டார்ம்ஸ்ராட் நகரிற் கட்டப்பட்டது. பழைய கட்டடங்களுக்கென வகுக்கப்பட்ட அதன் பிரிவு 'எனர்பிற்' எனப்படும்.

இதன் தத்துவம் எளிது. குளிரில் நடுங்குவோன் அடுப்பை மேன்மேலும் மூட்டுவதிலும், கம்பளி போர்த்துக்கொள்வதே அறிவுடைமை. அவ்வாறே கட்டடத்தின் வெளிப்புறம் முழுவதையும் தடித்த வெப்பக் காவலால் இடைவெளியின்றிப் போர்த்தனர். மூன்று கண்ணாடித் தட்டுகள் கொண்ட யன்னல்களைப் பொருத்தினர். காற்றுக் கசியும் இடுக்குகளை அடைத்தனர்.

இடுக்கெல்லாம் அடைத்தால் மூச்சு முட்டாதோ என்று கேட்கலாம். அதற்கும் வழி செய்துள்ளனர். வெளியேறும் வெம்மையான வளியும் உட்புகும் குளிர்ந்த வளியும் மெல்லிய தகடுகளின் இரு புறமும் ஒன்றோடொன்று கலவாது செல்கின்றன. பழைய வளி தன் வெம்மையைப் புதிய வளிக்கு ஈந்துவிட்டே வெளியேறுகின்றது.

வேலை 2021ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. கட்டடம் வெளிவிடும் பசுமைக்குடில் வாயுக்கள் 94 விழுக்காடு குறையுமெனக் கணித்தனர். கடுங்குளிரிலும் ஒரு குடியிருப்பைச் சூடாக்க, 100 உவாற்று மின்குமிழ்கள் மூன்று கொள்ளும் மின்வலுவே போதுமாம்!

உயிர் காக்கும் சுவர்

இச்சிக்கனத்தினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. அதே 2021ஆம் ஆண்டின் கோடையில், கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தைக் கொடிய வெப்ப அலை தாக்கியது. ஒரு வார காலத்தில் 619 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் முதியோர். பாதிக்கு மேற்பட்டோர் தனித்து வாழ்ந்தவர். அவர்கள் வெயிலிற் சுருண்டு வீழ்ந்தவரல்லர். 98 விழுக்காட்டினர் வீடுகளினுள்ளேயே வெப்பத்துக்கு இரையாயினர். காக்க வேண்டிய சுவரே கொல்லும் சுவரானது.

ஹமில்ற்றன் கோபுரத்தைத் திருத்தியோர் 2050ஆம் ஆண்டளவில் நிலவக்கூடிய வெப்பநிலையையும் கருத்திற்கொண்டு திட்டமிட்டனர். மாரியில் மின்சாரமும் பொறிகளும் செயலற்றுப் போயினும், உள்ளிருக்கும் வெம்மை இரண்டு நாள்வரை நிலைக்கும் என்பது அவர்தம் கணிப்பு. சாதாரணக் கட்டடத்திலோ அது இரண்டு மணித்தியாலத்தில் அகன்றுவிடும். படியிறங்கி வேறிடஞ் செல்ல இயலாத மூதாட்டி ஒருத்திக்கு அவ்விரு நாள்களின் பெறுமதி யாதென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வெம்மை மிக்க நம் நாட்டுக்கு அத்தகைய கம்பளிப் போர்வை வேண்டியதில்லை. நிழலும் காற்றோட்டமுமே நமக்கு வேண்டியவை. திருத்தும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். என்பு தளர்ந்த கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், தோல் நைந்த காரணத்தால் மட்டும் உறுதியான என்பையும் முறிப்பது தகாது. என் மாணவனிடமும் இதையே கூறினேன்: இடிக்கும் சம்மட்டியை எடுக்குமுன், இதனுள் இன்னும் எத்தனை பேர் வாழலாம் என்று எண்ணிப் பார். ஹமில்ற்றன் நகரத்தார் எண்ணிப் பார்த்தனர். 146 குடியிருப்புகள் மீண்டும் முதியோர்க்கு உரியவாயின.